பென்சிற்கரியில் இலத்திரன் எண்ணிய கிருஷ்ணன்

எமது பிள்ளைகள் எழுதும் பென்சிலின் கரியில், அணு ஒன்றுக்கு எத்தனை இலத்திரன்கள் கட்டற்றுத் திரிகின்றன? இவ்வினாவுக்கு விடை தேடியவர் ஒரு தமிழர். 1898 டிசம்பர் 4ஆம் திகதி தமிழகத்தின் வத்திராயிருப்பில் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணனே அவர். 1928இல் சி.வி. இராமனுக்குத் துணைநின்று ஒளிச்சிதறலைக் கண்டவர் என்ற அளவிலேயே நம்மில் பலர் அவரை அறிவோம்.

டாக்கா பல்கலைக்கழகத்தில் சத்தியேந்திரநாத் போஸின் சகாவாக இருந்த பின்னர், 1933இல் கல்கத்தா திரும்பிய கிருஷ்ணன் பளிங்குகளின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். காந்தத்தால் பென்சிற்கரி விலக்கப்படும் அளவைக் கொண்டு, காபன் அணு ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு கட்டற்ற இலத்திரன் உண்டென 1941இல் கங்குலியுடன் இணைந்து எழுதினார். 1947இல் கனடாவில் வலஸ் செய்த கணிப்பு வேறொரு தோற்றத்தைக் காட்டியது.

இதனை விளங்கிக்கொள்ள எமது வாவியே போதும். கல்லடிப் பாலத்தின்கீழ் நீர் எத்துணை ஆழமாயினும், காற்றுக்கு அலைவது மேற்பரப்பு நீரே. ஒவ்வொரு சக்தி மட்டத்திலும் இலத்திரன்களுக்கு எவ்வளவு இடமுண்டு என்பதே நிலையடர்த்தி. அது நீரின் அகலம் போன்றது. மொத்த நீர், அடியிலிருந்து நீர்மட்டம் வரையான கூட்டுத்தொகை. மின்னைக் கடத்துவதோ நீர்மட்டத்தை அண்டியவை மாத்திரமே. பென்சிற்கரி கழுத்து ஒடுங்கிய குடம். நீர்மட்டம் சரியாக அக்கழுத்தில் நிற்கின்றது. பிணைப்பில் நேரே கட்டுண்ணாத இலத்திரன் அணுவுக்கு ஒன்று என்பது மெய்யே. ஆனால் உண்மையிற் கட்டற்று ஓடுபவை பத்தாயிரம் அணுக்களுக்கு ஒன்றுகூடத் தேறா. கிருஷ்ணன் குடத்து நீரை எண்ணினார். கழுத்து நீரை எண்ணியதாகக் கருதினார். நிலையடர்த்தி வளையி கைவராத அக்காலத்தில் அதனைப் பிழையெனக் கூற எமக்கு மனம் ஒப்பவில்லை.

இன்று அவ்வளையியைக் கணினி வரைந்து தருகின்றது, மயக்கமோ நீங்கவில்லை. வளையியின் உயரத்தையே எண்ணிக்கையாகக் கொள்ளும் மாணவர் பலர். பென்சிற்கரியின் அலகுக் கட்டமொன்றில் நான்கு அணுக்கள், அணுவுக்கு நான்கு வெளியோட்டு இலத்திரன்கள். ஆதலால் நிரம்பிய எல்லை வரை வளையியின் கீழுள்ள பரப்பு 16 ஆதல் வேண்டும். எட்டு வந்தால், இரு சுழற்சித் திசைகளுள் ஒன்று விடுபட்டிருக்கலாம். வந்தாறுமூலை வளாகத்திற் பௌதிகம் பயிலும் எமது பிள்ளைகள் முதலிற் பார்க்க வேண்டியது இப்பரப்பையே.

தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை வாய்ந்திருந்த கிருஷ்ணன் 1940இல் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினரானார். 1947இல் டில்லி தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதற் பணிப்பாளரானார். உலோகங்களின் மின்தடை பற்றிய ஆய்வை அங்கும் அவர் கைவிடவில்லை. 1961 ஜூன் 14ஆம் திகதி காலமானார்.