பெப்ரீசியஸ் ஐயர்

சென்னைக் கோட்டையிலிருந்து வடக்கே கடலோரமாகச் செல்வோர் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய ஊர்களைக் கடந்து பழவேற்காட்டை அடைவர். இன்று அவ்வழி நெடுகத் துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் அனல் மின் நிலையங்களும் நிறைந்து விளங்குகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் அக்கரை மணல் மேடுகளும் மீனவர் குடியிருப்புகளும் கொண்டதாய் இருந்தது. அந்நாளில் சென்னையைப் போர் சூழ்ந்தபோது, வடதிசை நோக்கிச் சென்று, டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் இருமுறை அடைக்கலம் புகுந்தார் ஒரு ஜெர்மானியப் பெரியார். பொன்னும் பொருளும் அவரிடம் இல்லை. அவர் உயிரெனப் போற்றிய செல்வம், தாம் எழுதிவந்த தமிழ்க் கையெழுத்துப் படிகளே. அவர்தாம் யோகான் பிலிப் பெப்ரீசியஸ். கிறிஸ்தவ குருமாரை ஐயர் என்று அழைப்பது அக்கால வழக்கமாதலின், மக்கள் அவரைப் பெப்ரீசியஸ் ஐயர் என்றனர்.

பெப்ரீசியஸ் 1711ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22ஆம் நாள் ஜெர்மனியில் கிளேபெர்க் என்னும் ஊரில் பிறந்தார். இளமையில் கீசன் நகரில் சட்டம் பயின்றார். ஆயினும் அவர் உள்ளம் சமயக் கல்வியையே நாடிற்று. எனவே ஹாலே நகரை அடைந்து இறையியல் பயின்றார். அந்நகரில் பிராங்கே என்னும் சான்றோர் நிறுவிய அனாதை இல்லமும் பள்ளிகளும் புகழ்பெற்று விளங்கின. வழிபாடு என்பது ஞாயிற்றுக்கிழமை தோறும் கோயிலுக்குச் சென்று திரும்புவதோடு முடிவதன்று என்பதே அங்குள்ளோர் கொள்கை. விடியலில் வேதம் ஓதுதல், உணவு கொள்ளுமுன் நன்றி கூறுதல், அன்றன்று செய்தவற்றைத் தனியே இருந்து ஆராய்தல், எளியோர்க்கு உதவுதல் ஆகிய யாவும் நாள்தோறும் இயல்பாக நிகழ வேண்டும் என அவர்கள் கருதினர். அக்கொள்கை பெப்ரீசியஸின் வாழ்வில் ஆழ வேரூன்றிற்று.

அவர் 1740ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஈராண்டுகளுக்குப் பின் சென்னையில் சமயப் பணியை ஏற்றார். அன்று தொட்டு இறக்கும்வரை தாய்நாட்டிற்குத் திரும்பவில்லை. மணம் புரிந்து கொள்ளவும் இல்லை. தமிழ்நாடே அவருக்கு வீடாயிற்று.

சென்னைக்கு வந்தவருக்கு ஒரு குறை புலப்பட்டது. தமிழில் வேதாகமம் அதற்கு முன்னரே இருந்தது. சீகன்பால்கு ஐயர் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1715இல் அச்சிட்டு முடித்திருந்தார். சூல்சு ஐயர் எஞ்சிய பழைய ஏற்பாட்டை 1728இல் நிறைவு செய்திருந்தார். அவர்கள் உழைப்பு அரியது. எனினும் அந்நடை தமிழ் மரபோடு முற்றும் இயைந்ததாக இல்லை. கோயிலில் ஒருவர் படித்து விளக்கினால் பொருள் விளங்கலாம். அடுப்பங்கரையில் நிற்கும் தாய்க்கும், கூலி வேலைக்குப் புறப்படும் தந்தைக்கும், உறங்கப்போகும் குழந்தைக்கும் விளக்கம் கூற யார் உளர்? அன்றாட வாழ்வில் புக வேண்டிய வழிபாடு அன்றாட மொழியின் வாயிலாகவே புகுதல் கூடும். இவ்வுண்மையை உணர்ந்த பெப்ரீசியஸ், கிரேக்க, எபிரேய மூல நூல்களைக் கொண்டு வேதாகமத்தைத் திருந்திய தமிழில் மொழிபெயர்க்கத் துணிந்தார்.

அப்பணி ஓராண்டில் ஈராண்டில் முடிந்ததன்று. எழுதியதைத் தமிழறிந்தோர்க்குப் படித்துக்காட்டுவார், அவர் கூறும் திருத்தங்களை ஏற்பார், மீண்டும் எழுதுவார். சொல் எளிதாதல் வேண்டும்; ஆனால் இழிதல் கூடாது. பொருள் சிதைதல் கூடாது; ஆனால் அயல்மொழியின் வாடையும் வீசலாகாது. இவ்வாறு வாக்கியந்தோறும் நிறுத்துப் பார்த்து எழுதினார்.

காலமோ அமைதியான காலமன்று. 1746ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். பெப்ரீசியஸ் பழவேற்காட்டிற்குச் சென்று அங்கிருந்தே பணி புரிந்தார். நகரம் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் திரும்பி, வேப்பேரியில் தங்கித் தொண்டாற்றினார். 1758ஆம் ஆண்டு இறுதியில் லாலி என்னும் பிரெஞ்சுத் தளபதி சென்னையை முற்றுகையிட்டபோது வேப்பேரி கொள்ளையிடப்பட்டது. உடைமைகள் பறிபோயின; கையெழுத்துப் படிகள் தப்பின. பெப்ரீசியஸ் மீண்டும் பழவேற்காட்டை அடைந்தார். வீடு இழந்த நிலையிலும் அவருடைய ஓதுதலும் எழுதுதலும் இடையறவில்லை. இடம் மாறினும் கடமை மாறாது என்பதற்கு அவர் வாழ்வு சான்றாயிற்று.

1761ஆம் ஆண்டு ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது, அங்கிருந்த அச்சுப்பொறியைச் சென்னைக்குக் கொணர்ந்தனர். அரசாங்க அச்சு வேலைகளை முதலில் செய்து தருதல் வேண்டும் என்னும் உடன்பாட்டின்மேல் அது பெப்ரீசியஸிடம் ஒப்படைக்கப்பட்டது. போர் கொணர்ந்த பொறி அறிவுப் பணிக்கு உரியதாயிற்று. வேப்பேரி அச்சகத்திலிருந்து 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. பழைய ஏற்பாட்டையும் அவர் மொழிபெயர்த்து முடித்தார். அது முழுமையாக அச்சேறியது அவர் மறைவிற்குப் பின்னரே.

ஜெர்மானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும் அவர் தமிழாக்கினார். எழுத்தறியாதோரும் கேட்டுக் கேட்டு அப்பாட்டுகளை மனத்தில் பதித்துக் கொண்டனர். ஏடு கையில் இல்லாத வேளையிலும் பாட்டு நாவில் இருந்தது. காலையிலும் மாலையிலும் குடும்பத்தார் கூடிப் பாடும் வழக்கம் வேரூன்ற அவை துணை செய்தன. மேலும், பிரைத்தௌப்ட் என்னும் உடன் ஊழியரோடு சேர்ந்து 1779இல் தமிழ்–ஆங்கில அகராதி ஒன்றை வெளியிட்டார். ஏறத்தாழ 9,000 சொற்கள் அதில் இடம்பெற்றன. வேதம் படிக்க வந்தவர் மொழிக்கும் தொண்டரானார்.

இத்துணைச் சிறந்த வாழ்விலும் ஓர் இருள் சூழ்ந்தது. அதனை மறைத்துக் கூறுதல் முறையன்று. சமயப் பணிக்குரிய பணமும், பிறர் நம்பி வைத்த பணமும் பெப்ரீசியஸின் பொறுப்பில் இருந்தன. அவற்றை வட்டிக்குக் கொடுத்தால் வரும் வருவாய் நற்பணிக்கு உதவும் என அவர் எண்ணினார். அவர் எண்ணம் தூயது. ஆயின் கணக்கில் அவருக்குக் கண்ணோட்டம் இருந்த அளவு கண்காணிப்பு இல்லை. கடன் கேட்டோரை எளிதில் நம்பினார். செல்வாக்கு மிக்க சிலர் பெற்ற கடனைத் திருப்பித் தரவில்லை. பணத்தை நம்பி வைத்தோர் அதனை இழந்து வருந்தினர். இளமையில் சட்டம் பயின்ற அப்பெரியார், எழுபது வயதைக் கடந்த முதுமையில் கடனுக்காகச் சிறை புக நேர்ந்தது. ஒரு சொல்லின் பொருள் பிறழாமல் காக்க ஆண்டுக்கணக்கில் உழைத்தவர், ஒரு கணக்கின் நிலுவை பிறழாமல் காக்கத் தவறினார்.

1788ஆம் ஆண்டு கெரிக்கே ஐயர் நாகப்பட்டினத்திலிருந்து வந்து சென்னைப் பணியை ஏற்றுக்கொண்டார். பெப்ரீசியஸ் பொறுப்புகளினின்று நீங்கி, முதுமையின் எஞ்சிய நாட்களைக் கழித்தார். 1791ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள், எண்பது வயது நிரம்பிய மறுநாள், அவர் இம்மண்ணுலக வாழ்வை நீத்தார்.

அவர் பட்ட கடன் காலத்தால் மறைந்தது. அவர் தேடிவைத்த செல்வம் மறையவில்லை. 1871ஆம் ஆண்டு பவர் ஐயர் தலைமையில் அறிஞர் குழு ஒன்று வெளியிட்ட வேதாகமத் திருத்தப் பதிப்பிற்கு அவருடைய மொழிபெயர்ப்பே அடிப்படையாயிற்று. லுத்தரன் திருச்சபையார் அவர் பதிப்பையே நெடுங்காலம் விடாது போற்றி வந்தனர். அவருடைய அகராதி பின்னோரால் விரிவாக்கப்பெற்றுப் பலமுறை அச்சாகி, இந்நாளில் கணினி வழியாகவும் உலகெங்கும் பயன்படுகிறது. புரசைவாக்கத்தில் ஒரு பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! பெப்ரீசியஸின் வாழ்வு நமக்கு இரு பாடங்களைப் புகட்டுகின்றது. உயர்ந்த கருத்து எதுவாயினும், வீட்டு மொழியில் பேசி, நாள்தோறும் பழகினாலன்றி அது வாழ்வில் நிலைபெறாது என்பது ஒன்று. இதனை அவர் செய்து காட்டினார். பக்தி உள்ளம் ஓதும் வேளையில் மட்டுமன்றிக் கொடுக்கல் வாங்கலிலும் கணக்கேட்டிலும் விழித்திருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இதனை அவர் பட்டு உணர்த்தினார். எச்சமயத்தாராயினும், காலையில் கைகூப்பி வணங்கும் நாம், அன்று மாலைக்குள் செய்யும் ஒவ்வொரு வேலையும் அவ்வணக்கத்திற்கு ஏற்றதாய் அமையுமாறு பார்த்துக் கொள்வோமாக.