மோர் குடிக்கச் சொன்ன விஞ்ஞானி

கோடை வந்துவிட்டால் திருத்தங்கலில் மோர் குடிக்காத வீட்டைப் பார்ப்பது அரிது. வயிறு கெடாது என்று பாட்டிமார் கொடுப்பார்கள்.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு ஐரோப்பாவிலும் புளித்த பாலுக்குப் பெரிய கிராக்கி ஏற்பட்டது. அதற்குக் காரணம் ஒரு ரஷிய விஞ்ஞானி. பெயர், இலியா மெச்னிகாவ்.

இன்று குறைமாதக் குழந்தைகளின் குடலைக் காக்கக் கொடுக்கப்படும் ஒருவகை மருந்துக்கும் வழி காட்டியவர் அவரே.

நாற்காலியில் வந்த மணப்பெண்

மெச்னிகாவ் 1845-ல் கார்கோவ் நகருக்கு அருகே பிறந்தார். அந்த ஊர் இப்போது உக்ரைன் நாட்டில் இருக்கிறது.

1869-ல் அவருக்குக் கல்யாணம். மணப்பெண் லூட்மிலாவுக்கு சயரோகம். நடக்க முடியாத அவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். 1873-ல் அவர் இறந்துவிட்டார். மனம் உடைந்த மெச்னிகாவ் உயிரை விடத் துணிந்தார். நல்ல வேளையாகப் பிழைத்தார். பிறகு ஓல்கா என்ற பெண்ணை மணந்தார்.

முள் சொன்ன சேதி

1882-ம் ஆண்டு. இத்தாலியில் மெசினா என்ற கடற்கரை ஊர்.

நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பு கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் தெரியும். அதில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார் மெச்னிகாவ். மறுநாள் பார்த்தால், சிறு அணுக்கள் அந்த முள்ளைச் சுற்றி மொய்த்துக்கொண்டிருந்தன!

நம் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களும் இப்படித்தான் நோய்க் கிருமிகளை வளைத்து விழுங்குகின்றன என்றார். பலர் எதிர்த்தார்கள். அவர் விடவில்லை. 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஜெர்மனியின் எர்லிக்குடன் அதைப் பகிர்ந்துகொண்டார்.

காலராவைக் குடித்தார்

1888-ல் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். 1892-ல் அங்கே காலரா பரவியது. மெச்னிகாவ் காலராக் கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தார்! ஒன்றும் ஆகவில்லை. அவருடைய உதவியாளர் ஒருவரும் குடித்தார். அவர் சாகும் நிலைக்குப் போய்ப் பிழைத்தார். துணிச்சல் என்பதா, பைத்தியக்காரத்தனம் என்பதா!

ஒருவரை வாட்டிய கிருமி இன்னொருவரை ஏன் விட்டது? குடலில் முன்பே குடியிருக்கும் கிருமிகள்தான் காரணம் என்று அவர் நினைத்தார். கெட்ட கிருமி இருந்தால் நல்ல கிருமியும் இருக்க வேண்டுமே!

பல்கேரியா நாட்டுக் கிராமத்தார் புளித்த பால் குடித்து நெடுநாள் வாழ்வதாகக் கேள்விப்பட்டார். தாமும் தினமும் குடித்தார். 1916-ல் இதய நோயால் இறந்தபோது அவருக்கு வயது 71.

முதுமையைத் தள்ளிப் போடலாம் என்ற அவர் கணக்கு பலிக்கவில்லை. அந்தப் பால் கிருமி மனிதர் குடலில் நிலைத்துத் தங்குவதில்லை என்று பிறகு தெரிந்தது. ஆனால் நல்ல கிருமி என்ற எண்ணம் சாகவில்லை.

கவட்டைக் கிருமி

அதே பாஸ்டர் நிலையத்தில் தீசியே என்ற குழந்தை டாக்டர் ஒரு கிருமியைக் கண்டார். கவட்டைக் கம்பு போல் இரண்டாகப் பிரிந்திருந்தது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் அது நிறைய இருந்தது. தாய்ப்பாலில் உள்ள சில சர்க்கரைகள் குழந்தைக்கு ஜீரணமாவதில்லை. அவை இந்தக் கிருமிக்குத் தீனி!

குறைமாதக் குழந்தையின் குடல் முற்றாதது. சிலவற்றுக்குத் திடீரென்று வயிறு உப்பும், பால் தங்காது, மலத்தில் இரத்தம் போகும். குடல் அழுகி ஓட்டை விழுவதும் உண்டு. உயிருக்கே ஆபத்து.

இதைத் தடுக்க நல்ல கிருமிகளைச் சொட்டு மருந்தாகக் கொடுத்துப் பல நாடுகளில் சோதித்தார்கள். பல இடங்களில் பலன் தெரிந்தது. 2016-ல் வெளியான இங்கிலாந்தின் பெரிய சோதனையில் பலன் தெரியவில்லை. எந்தக் கிருமி என்பதைப் பொறுத்தது அது. ஒடிசா கிராமங்களில் 4,500-க்கும் மேற்பட்ட பச்சைக் குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வந்தது. இவர்கள் ஓரளவு எடையுடன் பிறந்தவர்கள். இரத்தத்தில் விஷம் ஏறும் நோயும் சாவும் 100-க்கு 40 பங்கு குறைந்தன.

மோரில் எந்தக் கிருமி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே பச்சைக் குழந்தைக்கு ஒரு சொட்டு மோர்கூடப் புகட்டக்கூடாது.

32 வாரத்துக்கு முன்பே பிறந்து தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு இந்தச் சொட்டு மருந்தைக் கொடுப்பது பற்றி யோசிக்கலாம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. மறு ஆண்டு அமெரிக்காவில், மருந்தாகக் கொடுத்த நல்ல கிருமியே இரத்தத்தில் புகுந்து ஒரு குறைமாதக் குழந்தை இறந்தது. அந்நாட்டு சர்க்கார் டாக்டர்களை எச்சரித்தது.