நான்கு விநாடிகள்: சுபேதார் சுப்பிரமணியன்

ராணுவத்தில் சேர ஆசைப்படும் நம் மாவட்ட இளைஞர்கள் விக்டோரியா கிராஸ், பரம்வீர் சக்கரம் ஆகிய விருதுகளைக் கேள்விப்பட்டிருப்பார்கள். ஜார்ஜ் கிராஸ் பற்றியும், அதைப் பெற்ற தமிழ்நாட்டுக் கிராமத்து வீரர் ஒருவரைப் பற்றியும் பலருக்குத் தெரியாது. அவர் சுபேதார் சுப்பிரமணியன்.

அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள கீழ்ஒட்டிவாக்கம் அவருடைய ஊர். 1912-ல் பிறந்தார். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து சுபேதார் ஆனார். சாதாரணச் சிப்பாயாகச் சேரும் இந்தியர் எட்டக்கூடிய உயர்ந்த பதவிகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் புதிதாக வந்த இளம் ஆங்கிலேய லெப்டினன்டுக்கும் சுபேதார் சல்யூட் அடிக்க வேண்டிய காலம் அது.

மண்வெட்டி ஏந்திய படை

இந்தப் பத்தியில் அவரைப் பற்றி எழுதுவதற்கு அவர் பணியாற்றிய படையும் ஒரு காரணம். 1780-ல் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கிய மெட்ராஸ் பயனியர்ஸ்தான் பின்னாளில் மெட்ராஸ் சாப்பர்ஸ் ஆனது. திப்பு சுல்தானுடன் நடந்த போர்களில் பீரங்கிகளுக்குப் பாதை வெட்டியதும், பாலம் போட்டதும் இந்தப் படையினர்தான். அந்தப் போர்களில் ஒன்றின் முடிவில், 1792-ல், பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி கம்பெனியின் கைக்குப் போனது.

பறையர் சமூகத்தினர் தொடக்கம் முதலே இந்தப் படையில் பெருமளவில் இருந்தார்கள். அவர்களும் பிற சாதித் தமிழர்களும், தெலுங்கர், கிறிஸ்தவர், முஸ்லிம்களும் ஒன்றாகப் பணியாற்றினார்கள். மண்ணைத் தோண்டுவதும் கல்லை உடைப்பதும் மரத்தைச் சுமப்பதும்தான் வேலை. ஊரில் இதே வேலையைச் செய்தவர்களுக்குக் கூலியாள் என்று பெயர். படையில் அதே உழைப்புக்குச் சீருடையும் சம்பளமும் ஓய்வூதியமும் இருந்தன.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கிலேய அரசு ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டது. சில இனங்களும் சாதிகளும் பிறவியிலேயே போர்க்குணம் உள்ளவை, மற்றவை அப்படி அல்ல என்பது அந்தக் கொள்கை. பஞ்சாபிகளுக்கும் கூர்க்காக்களுக்கும் கதவு திறந்தது. தென்னிந்தியர்களுக்கும் தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் அது மெல்ல அடைபட்டது. 1890-களில் மகர்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. டாக்டர் அம்பேத்கரின் தந்தை ராம்ஜியும் ஒரு சுபேதார்தான். அந்தக் கதவை மீண்டும் திறக்க அம்பேத்கர் தொடர்ந்து குரல் கொடுத்தார். 1941-ல்தான் மகர் ரெஜிமென்ட் உருவானது.

மதராஸ் காலாட்படைகளும் 1920-களின் இறுதிக்குள் பெரும்பாலும் கலைக்கப்பட்டன. தமிழர்களுக்கு எஞ்சியிருந்த முக்கியமான இடம் மெட்ராஸ் சாப்பர்ஸ். அந்த வழியாகப் போருக்குப் போனவர்தான் சுப்பிரமணியன்.

இத்தாலியின் சேற்றில்

இரண்டாம் உலகப் போரில் ஏறக்குறைய 25 லட்சம் இந்தியர்கள் பங்கேற்றனர். சுப்பிரமணியன் இருந்த 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி, 4-வது இந்திய டிவிஷனைச் சேர்ந்தது. 1944-ன் தொடக்கத்தில் அந்த டிவிஷன் இத்தாலியில் மான்டே கசினோ மலையைப் பிடிக்கப் போராடிக்கொண்டிருந்தது. ரோம் நகருக்குச் செல்லும் சாலையை மறித்து நின்றது அந்த மலை. மேலே ஜெர்மன் படை, கீழே வெள்ளம், குளிர், சேறு. பிப்ரவரி நடுவில் நடந்த தாக்குதல் தோற்றது. அடுத்த தாக்குதலுக்காக மழை ஓயக் காத்திருந்தார்கள்.

காலாட்படை காத்திருக்கலாம், சாப்பர்களுக்கு ஓய்வு கிடையாது. பின்வாங்கிய ஜெர்மானியர்கள் வழியெங்கும் மிதிவெடிகளைப் புதைத்திருந்தனர். அவற்றில் ஒரு வகை மிகக் கொடியது. மிதித்தவுடன் வெடிக்காது. சுமார் நான்கு விநாடி கழித்து இடுப்பு உயரத்துக்கு எம்பி வெடிக்கும். உள்ளே இருக்கும் முன்னூற்றுக்கும் மேற்பட்ட இரும்புக் குண்டுகள் நாலாபுறமும் பாயும். சுற்றி நிற்பவர் யாரும் தப்புவது கடினம்.

1944 பிப்ரவரி 24. கசினோவுக்குத் தெற்கே உள்ள மிஞ்ஞானோ என்ற ஊருக்கு அருகில் சுப்பிரமணியனும் சில வீரர்களும் மிதிவெடி அகற்றும் பணியில் இருந்தார்கள். வெடியைக் கண்டறியும் கருவியோடு மெதுவாக நகர்ந்து, பாதுகாப்பான தடத்தை வெள்ளை நாடாவால் குறித்துக்கொண்டே போக வேண்டும். அப்போது குழுவில் இருந்த லான்ஸ் நாயக் ஒருவரின் கால் ஒரு வெடியின் மீது பட்டுவிட்டது.

வெடியின் வேலை தெரிந்தவர் சுப்பிரமணியன். தரையில் படுத்துத் தன்னைக் காத்துக்கொள்ள அந்த நான்கு விநாடி அவருக்குப் போதுமானது. அவரோ அந்த வெடியின் மீதே பாய்ந்து விழுந்தார். வெடிப்பைத் தன் உடலில் வாங்கி, உடன் இருந்தவர்களைக் காப்பாற்றினார். அவர் உயிர் அங்கேயே பிரிந்தது. முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்தார்.

மூன்று மாதங்கள் கழித்து, மே 18 அன்று, கசினோ வீழ்ந்தது.

பதக்கமும் அதற்குப் பிறகும்

அவர் மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் அறிவிக்கப்பட்டது. 1940-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்திய விருது இது. எதிரியுடன் நேருக்கு நேர் மோதும் போரில் அல்லாமல் வேறு சூழலில் காட்டும் உச்சபட்ச வீரத்துக்குத் தரப்படுவது. விக்டோரியா கிராஸுக்கு இணையானது. போர்க்குணம் இல்லாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட தென்னிந்தியாவிலிருந்து சென்று, மண் தோண்டும் படையில் இருந்த ஒருவருக்கு அது கிடைத்தது. வீரம் பிறப்பால் வருவது என்று எழுதிவைத்த அரசே, தன் கையால் அதற்கு எதிரான சான்றை வழங்க நேர்ந்தது.

ஆனால், படையில் கிடைத்த மரியாதை ஊர் வரை வந்துசேரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். போர் முடிந்து திரும்பிய தாழ்த்தப்பட்ட சமூகத்து வீரர்கள் பலரை, சேரியும் தனிக் கிணறும் தனிக் குவளையும் பழையபடி வரவேற்றன. ராணுவத்தில் பணியாற்றிவிட்டு வந்து, சாதிக் கொடுமையை எதிர்த்து நின்ற இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்டார். அயல்நாட்டில் எதிரிக் குண்டுக்குத் தப்பியவர்களுக்கும் சொந்த மண்ணில் அஞ்சவேண்டிய எதிரி ஒன்று மிச்சமிருந்தது.

மெட்ராஸ் சாப்பர்ஸ் இன்று மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப் என்ற பெயரில் பெங்களூரு அல்சூர் ஏரிப் பகுதியில் இயங்குகிறது. ஒகேனக்கல், பென்னாகரம் பக்கத்திலிருந்து சில மணி நேரப் பயணம்தான். படையில் சேர விரும்பும் மாணவர்கள் அதன் வரலாற்றை ஒருமுறை படிக்க வேண்டும்.

இன்னொரு வேலையும் மாணவர்களுக்கு இருக்கிறது. 1914 போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றார்கள், இத்தனை பேர் திரும்பவில்லை என்று சொல்லும் கல்வெட்டுகள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் உண்டு. அவற்றில் எண்ணிக்கை இருக்கும், பெயர் இருக்காது. உங்கள் ஊரிலும் சேரியிலும் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். பழைய பெட்டிகளில் கிடக்கும் பதக்கங்களையும் ஓய்வூதியச் சீட்டுகளையும் பாருங்கள். அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.