கேட்ட இடமெல்லாம் 'இல்லை'... சொந்தக் காசில் போர்முனைக்குக் கிளம்பிய நர்ஸ் மேரி சீகோல்!

அப்ளிகேஷன் போட்டாச்சு. சர்ட்டிஃபிகேட் எல்லாம் கொடுத்தாச்சு. இன்டர்வியூகூட முடிஞ்சிருக்கலாம். இனி நீங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை, காத்திருக்கிறதைத் தவிர. லிஸ்ட் வந்துடுச்சான்னு ஒரு நாளைக்கு இருபது தடவை போனை எடுத்துப் பார்ப்பீங்க. வந்த லிஸ்ட்டில் உங்க பெயர் இல்லைன்னா, அடுத்து ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துக்கும்: ஏன் இல்லை? அதுக்குப் பெரும்பாலும் யாரும் பதில் சொல்றதில்லை.

ராணுவ நர்ஸ் ஆகணும்னு கேட்டுப் போய், இதே இடத்தில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. வருஷம் 1854. ஊர் லண்டன். பெயர் மேரி சீகோல். வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

கையில் விளக்கோடு நிற்கும் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை ஸ்கூல் புத்தகத்திலேயே பார்த்திருப்பீங்க. அவர் போன அதே போருக்குத்தான் மேரியும் போக நினைத்தார். ஒருவரை அரசாங்கமே வழியனுப்பி வைத்தது. இன்னொருவருக்கு வாசலைத் தாண்டி உள்ளே போகவே வழியில்லை.

பொம்மைக்குக் கட்டுப் போட்ட சிறுமி

மேரி பிறந்தது 1805-ல், ஜமைக்காவின் கிங்ஸ்டனில். அப்பா ஸ்காட்லாந்துக்காரர், ராணுவத்தில் இருந்தவர். அம்மா ஜமைக்காப் பெண், கறுப்பின வழி வந்தவர். அந்தத் தீவில் அப்போது அடிமை முறை நடப்பில் இருந்தது. மேரியின் குடும்பம் அடிமைக் குடும்பம் அல்ல, ஆனாலும் வெள்ளைக்காரர்களுக்கு இருந்த உரிமைகள் இவர்களுக்குக் கிடையாது.

அம்மா ஒரு விடுதி நடத்தினார். பெயர் பிளண்டெல் ஹால். நோயில் விழுந்த ராணுவ அதிகாரிகள் அங்கே வந்து தங்குவார்கள். மூலிகை, கஷாயம், பத்தியச் சாப்பாடு என்று அம்மாதான் பார்த்துக்கொள்வார். அந்த ஊரில் இப்படி வைத்தியம் பார்க்கும் பெண்களுக்கு 'டாக்ட்ரஸ்' என்று பெயர். நம்ம ஊர் வைத்தியச்சி மாதிரின்னு வெச்சுக்கோங்க. குட்டி மேரிக்கு விளையாட்டும் இதுதான். முதலில் பொம்மைக்கு வைத்தியம், பிறகு வீட்டு நாய் பூனைகளுக்கு, அதுவும் போதாமல் தன் மேலேயே மருந்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார்.

1836-ல் எட்வின் சீகோலைக் கல்யாணம் செய்துகொண்டார். 1843-ல் கிங்ஸ்டனில் பெரிய தீ விபத்து, விடுதி எரிந்துபோனது. மறு வருஷம் கணவர் இறந்தார். கொஞ்ச நாளில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார். மேரி விடுதியைத் திரும்பக் கட்டி எழுப்பி, அம்மாவின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

1850-ல் ஜமைக்காவை காலரா புரட்டிப் போட்டது. அடுத்த வருஷம் மேரி தன் சகோதரர் ஹோட்டல் நடத்திய பனாமாவுக்குப் போக, காலரா அங்கேயும் வந்தது. கலிஃபோர்னியாவில் தங்கம் தேடிப் போகிறவர்கள் கடந்துபோகும் வழி அது. குரூசெஸ் என்கிற அந்த ஆற்றங்கரை ஊரில் ஒருவர் திடீரென்று செத்துப்போனார். விஷம் வைத்துவிட்டார்கள் என்று ஊரே பேசியது. உடலைப் போய்ப் பார்த்த மேரி, இது காலரா என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு ராத்திரி பகலாக வேலை. பணக்காரர்களிடம் ஃபீஸ், ஏழைகளுக்கு இலவசம். இறந்த ஒரு குழந்தையின் உடலை யாருக்கும் தெரியாமல் திறந்து பார்த்து, இந்த நோய் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டார். கடைசியில் அவருக்கே காலரா வந்தது, பிழைத்துக்கொண்டார்.

அவருடைய வைத்தியத்தை இன்றைக்குப் பார்த்தால் பாதி சரி, பாதி தப்பு. பட்டை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தது நல்ல விஷயம். பாதரச மருந்து கொடுத்தது கெட்ட விஷயம். ஆனால், பெரிய காலேஜில் படித்த அன்றைய டாக்டர்களும் அதையேதான் கொடுத்தார்கள்.

பனாமாவில் நடந்த இன்னொரு சம்பவமும் உங்களுக்குத் தெரியணும். ஒரு விருந்தில் அமெரிக்கர் ஒருவர் மேரியைப் பாராட்டிப் பேச எழுந்தார். பேசிக்கொண்டே போனவர், இவருடைய தோலை மட்டும் வெளுக்க வைக்க முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று முடித்தார். அவர் அதைப் பாராட்டு என்றே நினைத்தார்! அப்படி ஒன்றும் எனக்கு வேண்டாம் என்று மேரி அதே மேடையில் திருப்பிக் கொடுத்தார். பனாமாவிலிருந்து ஊர் திரும்ப அமெரிக்கக் கப்பலில் ஏறியபோது, கூட இருந்த பயணிகள் எதிர்த்ததால் இறங்கி, வேறு கப்பலுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1853-ல் ஜமைக்காவில் மஞ்சள் காய்ச்சல். கிங்ஸ்டன் ராணுவ முகாமுக்கு நர்ஸ்களை ஏற்பாடு செய்து தரச் சொல்லி ராணுவ டாக்டர்களே மேரியிடம் கேட்டார்கள். இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. லண்டனுக்கு வரும் முன்பே பிரிட்டிஷ் ராணுவத்துக்கு அவர் வேலை பார்த்தவர்.

யாரும் காரணம் சொல்லவில்லை

1854-ல் ரஷ்யாவுக்கு எதிராக பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி மூன்றும் சேர்ந்து சண்டை போட்டன. இடம், கருங்கடலை ஒட்டிய கிரிமியா. அங்கே குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட காலரா, வயிற்றுப்போக்கில் செத்த பிரிட்டிஷ் சிப்பாய்கள்தான் பல மடங்கு அதிகம். மேரி வாழ்க்கை முழுக்கப் பார்த்த நோய்கள் அவை. ஜமைக்காவில் அவருக்குப் பழக்கமான படைப்பிரிவுகளும் அந்தப் போரில் இருந்தன.

அந்த நேரத்தில் சுரங்க முதலீட்டு வேலையாக லண்டன் வந்திருந்த மேரி, அதை ஓரமாக வைத்துவிட்டு நர்ஸ் வேலை கேட்டுக் கிளம்பினார். நைட்டிங்கேல் அக்டோபர் 21 அன்றே 38 பெண்களோடு புறப்பட்டுப் போயிருந்தார். ஆனால், இரண்டாவது குழுவுக்கு ஆள் எடுப்பு நடந்துகொண்டிருந்தது. அப்போது நுழைவுத்தேர்வு கிடையாது. நைட்டிங்கேலின் நர்ஸிங் பள்ளியே 1860-ல்தான் வந்தது. நேரில் போய் நிற்கணும், சான்றிதழ் காட்டணும், பார்க்கிறவர்களுக்குப் பிடிக்கணும். அவ்வளவுதான் செலெக்‌ஷன்.

முதலில் போர்த்துறை அலுவலகம். காத்திருக்க வைத்து, இது எங்க வேலை இல்லை என்று வேறு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மருத்துவப் பிரிவுக்குப் போகச் சொன்னார். மருத்துவப் பிரிவிலும் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வீடு. அவர் மனைவிதான் நர்ஸ்களைத் தேர்வு செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக் கூடத்தில் மேரி மணிக்கணக்கில் நின்றார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். கடைசியில் உள்ளேயிருந்து தகவல் வந்தது, தேவையான ஆட்கள் கிடைத்துவிட்டார்கள்.

அதோடும் அவர் விடவில்லை. நைட்டிங்கேலுக்கு உதவியாக இருந்த இன்னொரு பெண்மணியைப் போய்ப் பார்த்தார். அதே பதில். ஆனால், அந்த முகத்தைப் பார்த்ததும் மேரிக்கு ஒன்று தோன்றியது. இடம் காலியாக இருந்திருந்தாலும் எனக்குக் கிடைத்திருக்காது என்று. சரி, வேலை வேண்டாம், போர்முனை வரை போக டிக்கெட் செலவாவது கொடுங்கள் என்று சிப்பாய்களுக்காக நிதி திரட்டிய அமைப்பிடம் கேட்டார். அதுவும் இல்லை.

குளிர்கால மாலை, இருட்டிக்கொண்டு வந்த நேரம், லண்டன் தெருவில் நின்று மேரி அழுதார். அவர் பின்னாளில் எழுதிய சுயசரிதையில் இதை மறைக்கவே இல்லை. நிராகரிப்பைவிட அவரை அதிகம் வாட்டியது சந்தேகம். இந்த நிறம்தான் காரணமா? அமெரிக்கர்களிடம் பார்த்தது இங்கேயும் இருக்கிறதா? முகத்துக்கு நேரே அப்படி யாரும் சொல்லவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். அதனால் ஆமாம் என்று அடித்துச் சொல்லவும் வழியில்லை, இல்லை என்று மனதைத் தேற்றிக்கொள்ளவும் வழியில்லை. முறைப்படி எழுத்தில் விண்ணப்பிக்காததும் வயதும் காரணம் என்று வாதிடும் வரலாற்று ஆய்வாளர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால், அந்தக் கூடத்தில் நின்றவருக்கு அதையும் யாரும் சொல்லவில்லையே!

ஒரு ராத்திரிக்கு ஒரு கட்டில்

மறுநாள் காலையில் முடிவு எடுத்தார். நர்ஸாகப் போக முடியாதா? சரி, கடைக்காரியாகப் போவோம். கணவர் வழி உறவினரான தாமஸ் டே என்பவரோடு சேர்ந்து 'சீகோல் அண்ட் டே' என்று கம்பெனி ஆரம்பித்தார். கார்டு அச்சடித்து, நான் வருகிறேன், விடுதி திறக்கப் போகிறேன் என்று கிரிமியாவில் இருந்த அதிகாரிகளுக்கு முன்கூட்டியே அனுப்பினார். இன்றைய பாஷையில் சொன்னால், கடை திறப்பதற்கு முன்பே ப்ரமோஷன்! 1855 ஜனவரி 27 அன்று மளிகை, மருந்துப் பெட்டி சகிதம் கப்பல் ஏறினார்.

வழியில் துருக்கியின் ஸ்குட்டாரி. நைட்டிங்கேலின் மருத்துவமனை அங்கேதான். ஜமைக்காவில் பழகிய ஒரு டாக்டர் கொடுத்த அறிமுகக் கடிதத்தோடு மேரி உள்ளே போனார். கடிதத்தை வாங்கிய பெண்மணி, வேலை கேட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, இங்கே காலியிடம் எதுவும் இல்லை என்று ஆரம்பித்துவிட்டார். மேரி பாதியிலேயே நிறுத்தினார். எனக்கு வேலை வேண்டாம், நான் போர்முனைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், இன்று ராத்திரி படுக்க ஒரு கட்டில் போதும். அவர் கதையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நைட்டிங்கேல் சில நிமிடம் கனிவாகப் பேசினார். துணி துவைக்கும் பெண்களோடு படுக்க இடம் கிடைத்தது. காலையில் மேரி கிளம்பிவிட்டார்.

கிரிமியாவின் பாலக்லாவா துறைமுகத்தில் ஆரம்ப நாட்களில் தங்க இடமில்லை, வெடிமருந்து ஏற்றிய கப்பலில் படுத்துத் தூங்கினார். பகலில், கப்பலுக்காகக் காத்துக் கிடந்த காயம்பட்டவர்களுக்கு டீ போட்டுக் கொடுப்பார், கட்டுகளைச் சரி செய்வார். அங்கிருந்து சில மைல் தள்ளி, மிதந்து வந்த மரம், உடைந்த பெட்டி, இரும்புத் தகடு என்று கிடைத்ததை வைத்து 'பிரிட்டிஷ் ஹோட்டல்' எழும்பியது. செலவு சுமார் 800 பவுண்டு. ஸ்குட்டாரி மருத்துவமனை கடல் தாண்டி இருந்தது, மேரியின் கடையோ முகாமுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதுதான் வித்தியாசம்.

அது மருத்துவமனை அல்ல. அதிகாரிகள் சாப்பிட்டு, குடித்து, சாமான் வாங்கும் இடம். அந்தக் குடி நைட்டிங்கேலுக்குப் பிடிக்கவில்லை. பல வருஷம் கழித்து எழுதிய தனிப்பட்ட கடிதத்தில், மேரி பலருக்கு நல்லது செய்ததை ஒப்புக்கொண்டுவிட்டு, அந்தக் கடையைக் கடுமையாக விமர்சித்தார். ஆனால், காலையில் வைத்தியம் தேடி வந்த சாதாரணச் சிப்பாய்கள் வேறு கதை சொன்னார்கள். பால் இல்லாத இடத்தில் அரிசிப் பாயசம் மாதிரி ஒன்று செய்து தந்தவர், கையில் காசு இல்லாதவனுக்கும் மருந்து கொடுத்தவர், அவர்களுக்கு 'மதர் சீகோல்'. சண்டை நாட்களில் பையில் கட்டுத்துணி, மருந்து, சாண்ட்விச்சோடு களத்துக்கே போவார். மஞ்சளும் நீலமுமாகப் பளிச்சென்று உடை, தூரத்திலேயே அடையாளம் தெரியும். 1855 ஆகஸ்டில் செர்னயா ஆற்றங்கரைச் சண்டை முடிந்ததும் நம்மவர், எதிரி என்று பார்க்காமல் ரஷ்யக் காயங்களுக்கும் கட்டுப் போட்டார். குண்டு விழும்போது தரையில் விழுந்து படுத்ததில் ஒருமுறை கட்டைவிரல் மூட்டு விலகியது. டைம்ஸ் பத்திரிகையின் போர் நிருபர் ரஸ்ஸல் இதையெல்லாம் நேரில் பார்த்து எழுதினார்.

1856 மார்ச்சில் சமாதானம். ஊரே கொண்டாடியது, மேரிக்கு மட்டும் நஷ்டம். வாங்கிக் குவித்த சரக்கை வாங்க ஆள் இல்லை. அடிமாட்டு விலைக்குக் கேட்டார்கள் என்ற கோபத்தில் ஒயின் பெட்டிகளைச் சுத்தியலால் அடித்து உடைத்தார். லண்டன் திரும்பியவர் அந்த நவம்பரில் திவால் கோர்ட்டில் நின்றார். பழைய அதிகாரிகள் சேர்ந்து 1857 ஜூலையில் நான்கு நாள் இசை விழா நடத்தினார்கள். கூட்டம் அள்ளியது. ஆனால், விழா நடந்த அரங்கத்தின் கம்பெனியே கடனில் மூழ்க, மேரி கைக்கு வந்தது 57 பவுண்டுதான். அதே வருஷம் அவர் சுயசரிதை வெளியாகி நன்றாக விற்றது.

அதே 1857-ல்தான் இந்தியாவில் சிப்பாய்க் கிளர்ச்சி. மேரி மறுபடியும் மூட்டை கட்டத் தயாரானார். வந்திருந்தால் பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குத்தான் வைத்தியம் பார்த்திருப்பார், நம்ம பக்கம் நின்றிருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. எப்படியும் போர்த்துறை அமைச்சர் லார்ட் பான்மூர் வேண்டாம் என்றார். இந்த முறை சொந்தச் செலவில் கிளம்ப கையில் காசு இல்லை.

1867-ல் அரச குடும்பத்தின் ஆதரவோடு இரண்டாவது நிதி திரட்டப்பட்டு, கடைசிக் காலம் கஷ்டமில்லாமல் போனது. 1881 மே 14 அன்று லண்டனில் இறந்தார். அதற்குப் பிறகு சுமார் நூறு வருஷம் அவரை பிரிட்டன் மறந்தே போனது. 1973-ல் அவர் கல்லறையைத் தேடிப் பிடித்துச் சீரமைத்த பிறகுதான் மெதுவாக ஞாபகம் திரும்பியது. 2004-ல் மிகச் சிறந்த கறுப்பின பிரிட்டன்வாசி யார் என்று நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் அவருக்கு.

2016-ல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனை வளாகத்தில் மேரிக்குச் சிலை வைத்தார்கள். நைட்டிங்கேல் தன் நர்ஸிங் பள்ளியை ஆரம்பித்த மருத்துவமனை அது. அதனாலேயே, அவர் இடத்தில் இவருக்கு எதற்குச் சிலை என்று நைட்டிங்கேல் ஆதரவாளர்கள் சண்டைக்கு வந்தார்கள். அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. நீங்க எப்போவாவது லண்டன் போனா, தேம்ஸ் நதியோரம், பார்லிமென்ட்டுக்கு எதிர்க்கரையில் தேடுங்க. வேகமாக நடந்துபோகிற மாதிரி இருக்கும். பின்னால் வட்டமாக ஒரு பெரிய உலோகத் தகடு நிற்கும். கிரிமியாவில் அவருடைய ஹோட்டல் இருந்த தரையை அச்செடுத்து வார்த்தது அது.