இரைச்சலோடு போராடியவர்

இடி இடித்தால் வானொலிப் பெட்டி கரகரக்கும். மத்திய அலையில் செய்தி கேட்டு வளர்ந்த என் தலைமுறைக்கு அது பழகிப்போன ஒன்று. பின்னாளில் பண்பலையைக் கேட்டபோதுதான், இரைச்சல் வானொலியின் தலைவிதியல்ல என்பது புரிந்தது. அதை உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியவர் எட்வின் ஹோவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

1890-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், கொலம்பியா பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, நலிந்த அலைகளைப் பன்மடங்கு பெருக்கும் மின்சுற்றைக் கண்டறிந்தார். முதல் உலகப் போரின்போது பாரிஸில் அவர் வகுத்த சூப்பர்ஹெட்டரோடைன் முறை, பல தலைமுறை வானொலிப் பெட்டிகளுக்கு அடிப்படையானது. இவற்றோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். இரைச்சல் அவரை விடவில்லை.

மின்னலும் மின்பொறியும் பெரிதும் குலைப்பது அலையின் வீச்சை. அன்றைய ஒலிபரப்பு குரலை ஏற்றியதும் அந்த வீச்சின் மீதுதான். பிறகு குரலையும் குலைவையும் ஏற்பி எப்படிப் பிரித்தறியும்? அதிர்வெண்ணை மாற்றிக் குரலை ஏற்றும் யோசனை முன்பே இருந்தது. ஆனால், அலைவரிசை குறுகினால்தான் இரைச்சல் குறையும் என்பது அக்கால நம்பிக்கை. குறுகிய அளவில் அதிர்வெண்ணை மாற்றுவதால் பயனில்லை என்று 1922-இல் ஜான் கார்சன் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கு பிழையன்று, எடுத்துக்கொண்ட அகலம்தான் போதாது. ஆம்ஸ்ட்ராங் அலைவரிசையை மிக அகலமாக்கினார். வீச்சின் ஏற்ற இறக்கங்களைச் சீவித் தள்ளும் சுற்று ஒன்றை ஏற்பியில் சேர்த்தார். 1933-இல் காப்புரிமை கிடைத்தது. 1935 நவம்பரில் நியூயார்க்கில் கூடிய பொறியாளர்கள், குவளையில் நீர் ஊற்றும் ஓசையையும் காகிதம் கசங்கும் ஓசையையும் வானொலியில் தெளிவாகக் கேட்டனர்.

அடுத்து வந்தவை வழக்குகள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் சோதனைக்கு இடமளித்த ஆர்சிஏ நிறுவனம், தொலைக்காட்சியை நாடி, 1935-இல் அவரது கருவிகளை அகற்றச் சொன்னது. சொந்தப் பணத்தில் நியூஜெர்சியின் அல்பைனில் கோபுரம் எழுப்பினார். 1945-இல் அரசு பண்பலையை வேறு அலைவரிசைக்கு மாற்றியபோது, மக்கள் வாங்கியிருந்த பெட்டிகள் பயனற்றுப்போயின. 1948-இல் ஆர்சிஏ மீது அவர் தொடுத்த வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. காப்புரிமைகள் காலாவதியாகிக்கொண்டிருந்தன, செல்வமும் கரைந்தது, மனைவி மரியனுடன் பிணக்கு நேர்ந்தது. 1954 ஜனவரி 31 இரவு அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அந்த ஆண்டே ஆர்சிஏ சுமார் பத்து லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. மற்ற நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளை மரியன் ஒவ்வொன்றாக நடத்தி வென்றார். கடைசியாக மோட்டோரோலா மீதான வழக்கு முடிந்தபோது ஆண்டு 1967.