உரிமை முழக்கமும் அடிமைக் கொட்டடியும்

மத்தியில் அமர்ந்து ஆள்வோர் போடும் சட்டம் ஒரு மாநிலத்தின் கழுத்தை நெரிக்குமானால், இது எம் மண்ணில் செல்லாது என்று கூற அந்த மாநிலத்துக்கு உரிமை உண்டா, இல்லையா? கூட்டாட்சி நடக்கும் நாடுகளிலெல்லாம் எழுகின்ற கேள்வி இது. அமெரிக்காவில் இதை எழுப்பியவர்களில் வாதத்தால் வல்லவர், பிடிவாதத்தால் பெரியவர், ஜான் கால்ஹூன். மாநில உரிமையில் நாட்டமுள்ள எவரும் அவர் வாழ்வைப் படித்தாக வேண்டும், தோழர்களே! பின்பற்றுவதற்காக அல்ல, எச்சரிக்கை பெறுவதற்காக!

1782-ம் ஆண்டு தென் கரோலினா மாநிலத்தில் பிறந்தார். யேல் கல்லூரியில் 1804-ல் பட்டம் பெற்றார், சட்டம் பயின்றார், 1811-ல், 29 வயதில், காங்கிரசின் கீழ்ச்சபையில் அமர்ந்தார். வந்ததும் மாநில உரிமைக் கொடியையா பிடித்தார்? இல்லை! பிரிட்டனோடு போர் வேண்டுமென்று முழங்கினார். 1812-ல் போர் வந்தது. 1816-ல் நாடு முழுமைக்கும் ஒரு வங்கி வேண்டும் என்றார். உள்நாட்டு ஆலைகளைக் காக்க இறக்குமதி வரி வேண்டும் என்றார். 1817 முதல் 1825 வரை மன்றோவின் ஆட்சியில் போர்த்துறை அமைச்சர். மத்திய அரசின் கரம் வலுப்பட வேண்டும் என்று உழைத்தவர்களின் முன்வரிசையில் அவர் இருந்தார்.

பிறகு காற்று திசை மாறியது. வடக்கே ஆலைகள் எழுந்தன. தெற்கே பருத்திதான் பிழைப்பு. பஞ்சை இங்கிலாந்துக்கு விற்று, பண்டங்களை அங்கிருந்து வாங்கிய தெற்கத்திப் பண்ணையார்களின் முதுகில், 1828-ல் வந்த இறக்குமதி வரி பெருஞ்சுமையாக விழுந்தது. அப்போது கால்ஹூன் நாட்டின் துணைத் தலைவர். பெயரை மறைத்துக்கொண்டு, தம் மாநிலச் சட்டமன்றத்துக்காக ஓர் அறிக்கை எழுதினார்.

அதன் வாதம் இது: அரசியல் சட்டம் என்பது மாநிலங்கள் கூடிச் செய்துகொண்ட ஒப்பந்தம். மத்திய அரசு அந்த மாநிலங்கள் அமர்த்திய காரியஸ்தன். காரியஸ்தன் வரம்பு மீறினானா என்பதைத் தீர்ப்பது யார்? காரியஸ்தனேயா? அல்ல, அமர்த்தியவர்கள்தான்! ஒரு மாநிலம் தன் மாநாட்டைக் கூட்டி, இச்சட்டம் செல்லாது எனலாம். அந்த அதிகாரம் வேண்டுமென்றால், மத்திய அரசு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கின் சம்மதத்தோடு அரசியல் சட்டத்தையே திருத்திக்கொள்ளட்டும்!

1832 நவம்பரில் தென் கரோலினா அப்படியே செய்தது. வரிச் சட்டம் 1833 பிப்ரவரி முதல் இங்கே செல்லாது என்று அறிவித்தது. குடியரசுத் தலைவர் ஜாக்சனும் தெற்கத்தியர்தான்; ஆனால் இது தேசத் துரோகம் என்று சீறினார். டிசம்பரில் கால்ஹூன் துணைத் தலைவர் பதவியை உதறி, செனட் சபைக்குச் சென்றார். படையை ஏவ அதிகாரம் தரும் சட்டம் ஒரு பக்கம். ஹென்றி கிளேயும் கால்ஹூனும் பேசி முடித்த வரிக் குறைப்பு மறு பக்கம். வேறெந்த மாநிலமும் துணைக்கு வரவில்லை. 1833 மார்ச்சில் தென் கரோலினா தன் அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பதவியைத் தூக்கி எறிந்தார், பணிய மறுத்தார், வரியைக் குறைக்கச் செய்தார். வீரம்தானே என்று கேட்கத் தோன்றும்.

பொறுங்கள்! வரிதானா உண்மையான வழக்கு? 1830-ல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், வரி ஒரு சந்தர்ப்பமே, மூல காரணம் தெற்கின் அடிமை முறையே என்பதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். எண்ணிக்கையில் பெரியோர் சிறியோரை நசுக்கக் கூடாது என்பது அவர் வகுத்த தத்துவம். நல்ல தத்துவம்! அதே ஆண்டின் மக்கள் கணக்கைப் பாருங்கள். தென் கரோலினாவில் ஏறத்தாழ 5,81,000 பேர். அவர்களில் 3,15,000 பேர் அடிமைகள். பாதிக்கு மேற்பட்டோரின் காலில் விலங்கு. அந்த விலங்கின் சாவி சிறுபான்மையினரின் மடியில்! மாநிலத்தின் சம்மதம் என்று கால்ஹூன் பேசியபோது, அந்த மூன்று லட்சம் பேரின் சம்மதத்தைக் கேட்டது யார்? 1837-ல் செனட் சபையில் அடிமை முறை தீமையல்ல, நன்மையே என்று வாதாடியவர் அவர். தாமே அடிமைகளை வைத்துப் பண்ணை நடத்தியவர்.

1850 மார்ச் 4. நோயால் குரல் எழவில்லை. அவருடைய கடைசிப் பெரும் பேச்சை வர்ஜீனியாவின் மேசன் படிக்க, அவர் அமர்ந்து கேட்டார். வடக்கே தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துத் தர வேண்டும் என்பது அதிலிருந்த கோரிக்கைகளில் ஒன்று. மார்ச் 31-ல் மறைந்தார். செப்டம்பரில் அந்தக் கோரிக்கை சட்டமாயிற்று. யார் சட்டம்? மத்திய அரசின் சட்டம்! விடுதலை மாநிலங்களுக்குள் நுழைந்து, தப்பி வந்தவனைக் கட்டி இழுக்கும் சட்டம். விஸ்கான்சின் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் 1854-ல் அதைச் செல்லாது என்றது. மாநில உரிமை பேசிய தெற்கு மகிழ்ந்ததா? கொதித்தது! 1859-ல் நாட்டின் உச்சநீதிமன்றம் விஸ்கான்சினை அடக்கியது. 1860 டிசம்பரில் பிரிந்து சென்ற தென் கரோலினா, வட மாநிலங்கள் இச்சட்டத்துக்கு இடையூறு செய்ததையே பிரிவினைக்குக் காரணமாக எழுதி வைத்தது. போர் மூண்டது. ஆறு லட்சம் பேருக்கு மேல் மாண்டனர். 1865-ல் அடிமை முறை சட்டத்தால் ஒழிந்தது. சார்ல்ஸ்டன் நகரில் உயர்ந்து நின்ற கால்ஹூன் சிலை 2020 ஜூனில் இறக்கப்பட்டது.

ஆகவே மாநில உரிமை பொய் என்று முடிவு கட்டலாமா? கூடாது! விஸ்கான்சின் எடுத்ததும் அதே ஆயுதம்தான். அது தப்பி வந்தவனுக்குக் கேடயமாயிற்று. கால்ஹூன் கையில் அடிமைக் கொட்டடியின் பூட்டாயிற்று. அதிகாரம் தலைநகரில் இருக்கிறதா, மாநிலத்தில் இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி. அந்த மாநிலத்தின் கடைக்கோடி மனிதனுக்கு அதில் பங்கு உண்டா என்பதே மீதிக் கேள்வி. கால்ஹூன் முதற்கேள்வியை நூல் எழுதுமளவு ஆராய்ந்தார். இரண்டாவதைக் கேட்கவே மறுத்தார். உரிமை கேட்கும் கை, தன் வீட்டு விலங்கை முதலில் உடைக்கட்டும். அப்போதுதான் அந்தக் குரலை உலகம் நம்பும்!