நத்தானியேல் ஹெர்ரெஷாப்

பாய்க்கப்பலின் வேகம் காற்றையும் பாயையுமே பொறுத்ததென்று எண்ணுவோர் பலர். ஆயினும் காற்று மெலிந்த வேளையில், ஒத்த பாய் விரித்த இரு கலங்களுள் ஒன்று முந்த, மற்றொன்று பின்தங்குவதேன்? அதன் காரணம் நீருக்குள் மறைந்து கிடக்கின்றது. அதனை நன்குணர்ந்து கலம் சமைத்த பேரறிஞர் ஒருவரின் சரிதையை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறுவோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த ரோட் ஐலண்டில், பிரிஸ்டல் என்னும் துறைமுகப்பட்டினத்தில், 1848-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 18-ம் தேதி ஹெர்ரெஷாப் பிறந்தார். இவருடைய தமையனார் ஜான் இளமையிலேயே கண்ணொளி இழந்தவர். எனினும் படகு கட்டுந் தொழிலில் வல்லவர். இளையவர் மாஸச்சூஸட்ஸ் தொழிற்கலைக் கழகத்திற் பயின்று, நீராவி யந்திரசாலையொன்றில் பணியாற்றியபின், 1878-ல் தமையனாரோடு கூடித் தொழில் தொடங்கினார். தம்பி மரத்திற் செதுக்கிய மாதிரிகளைத் தமையனார் விரல்களால் தடவியே அவற்றின் குணங்குற்றங்களை அறிவார்.

கலம் விரைந்து செல்லுங்கால் அது எழுப்பும் அலையே அதனைப் பெரிதும் தடுக்கும். நீரைத் தொடும் நீளம் மிகுந்த கலம் அத்தடையை எளிதில் வெல்லும். மென்காற்றில் மெல்லச் செல்லுங்காலோ அலை சிறிது. கலத்தின் உடலை நீர் உராய்வதே பெருந்தடை. ஆகவே நனையும் பரப்பு குறைந்ததாயும் வழவழப்பாயும் இருத்தல் வேண்டும். நீளத்தைக் கூட்டினால் நனையும் பரப்பும் கூடுமன்றோ? இவ்விரண்டையும் எங்ஙனம் இணைப்பது?

1891-ல் ஹெர்ரெஷாப் சமைத்த குளோரியானா இதற்கு விடை பகர்ந்தது. அதன் அணியத்தின் அடிப்பாகத்தை அவர் வெட்டிக் குறைத்து, முனையை நீருக்கு மேலே நெடிது நீட்டினார். மென்காற்றில் நிமிர்ந்து செல்லுங்கால் அதன் உடல் சிறிதே நனைந்தது. காற்று வலுத்துக் கலம் சாய்ந்ததும் நீட்டிய பாகம் நீரிற் படிந்து நீளத்தைக் கூட்டிற்று. அவ்வாண்டு கலந்துகொண்ட எட்டுப் பந்தயங்களிலும் அது வென்றது.

1893 முதல் 1920 வரை ஆறு முறை அமெரிக்கக் கோப்பையைக் காத்தவை இவர் சமைத்த கலங்களே. அவற்றுள் 1903-ல் வென்ற ரிலையன்ஸ், நீர்மட்டத்தில் ஏறத்தாழ 90 அடியும் மேல்தட்டில் ஏறத்தாழ 144 அடியும் நீளமுடையது. அதன் பாய்கள் 16,000 சதுர அடிக்கு மேற்பட்டவை. நீர்மட்ட நீளத்தை முதன்மையாய்க் கொண்ட அக்கால அளவுவிதியின் எல்லைவரை சென்ற கலம் அது. பந்தயத்திற்கன்றி வேறெதற்கும் உதவாத அது, 1913-ல் உடைக்கப்பட்டது.

அவ்விதியால் மிகுந்த பயன் பெற்றவர் ஹெர்ரெஷாப். ஆயினும் அது உறுதியற்ற கலங்களைப் பெருக்குமென்றுணர்ந்து, கலத்தின் எடையையும் கணக்கிற்கொள்ளும் புதுவிதியை வகுத்தளித்தவரும் அவரே. தமக்கு வெற்றி தந்த வழியைத் தாமே அடைக்க முன்வருவோர் உலகிற் சிலரே. 1938-ம் ஆண்டு ஜூன் மாதம் 2-ம் தேதி அவர் காலமானார். அவர்தம் கலங்களின் வேகத்தினும், தம் கலை நேரிய வழியிற் செல்லவேண்டுமென்று அவர் கொண்ட கவலையையே நாம் பெரிதாய் மதிக்கின்றோம்.